2017-இன் சிறந்த மல்யுத்தம்: என் தேர்வுகளும் காரணங்களும்

கயிற்றோரம்
27 டிசம்பர் 2017, இரவு 9:20

இந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டம் ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவில், சுமோ பந்தயங்கள் நடக்கும் ரியோகோகு அரங்கில் நடந்தது என்பது என் முடிவு. நியூ ஜப்பான் என்ற ஜப்பானிய மல்யுத்த நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ஜி1 கிளைமேக்ஸ் புள்ளித் தொடரின் பி பிரிவுக் கடைசி ஆட்டம். கென்னி ஒமேகா கசுசிகா ஒகாடாவை வீழ்த்தினார். இதே இருவரும் ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் மோதியதைத்தான் பெரும்பாலோர் முதலிடத்தில் வைப்பார்கள் என்று தெரியும். டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை இம்மாதம் அறிவித்த விருதும் அந்த ஆட்டத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆட்டங்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் எழுத்தாளர் டேவ் மெல்ட்சர் தன் 5 நட்சத்திர அளவுகோலைத் தானே உடைத்து ஜனவரி ஆட்டத்துக்கு 6, ஜூன் 11 ஒசாகா ஆட்டத்துக்கு 6.25, ஆகஸ்டுக்கு மறுபடி 6 என்று கொடுத்தார். அந்த எண்களை வைத்து நான் வாதாடப் போவதில்லை. மூன்றையும் வரிசையாகப் பார்த்தவர்களோடு பேசவே இந்த இழை.

ஒமேகாவின் கடைசி ஆயுதம் ஒன் விங்டு ஏஞ்சல். எதிராளியைத் தன் தோள்களின் மேல் உட்கார வைத்துத் தூக்கி, அப்படியே சரித்து, தலையும் கழுத்தும் தரையில் மோதும்படி இறக்குவது. ஜனவரியில் 46 நிமிடம் 45 நொடி ஆடினார்கள். அத்தனை நேரத்தில் அந்தப் பிடியை ஒமேகாவால் ஒருமுறைகூட முழுதாகப் போட முடியவில்லை. தோளில் ஏறிய ஒவ்வொரு முறையும் ஒகாடா நழுவி இறங்கினார். கடைசியில் ஒகாடாவின் முன்கை அடியான ரெயின்மேக்கரில் ஒமேகா தோற்றார். ஜூனில் அது முழுதாக விழுந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார், ஒகாடாவின் கால் கீழ்க்கயிற்றின் மேல் போய் விழுந்தது, எண்ணிக்கை நின்றது. 60 நிமிடமும் தீர்ந்து ஆட்டம் சமனில் முடிந்தது. ஆக, ஏழு மாதம் ஒரே கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது: கயிறு எட்டாத இடத்தில் அது விழுந்தால் ஒகாடா எழுவாரா?

ஆகஸ்டில் இந்தக் கேள்வியோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது. ஜி1 ஆட்டங்களுக்கு 30 நிமிட வரம்பு. ஒகாடாவிடம் 13 புள்ளிகள், ஒமேகாவிடம் 12. சமன் ஆனாலே இறுதிக்குப் போவது ஒகாடா. ஜூனில் 60 நிமிடத்தில் முடிக்க முடியாத வேலையை ஒமேகா 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். மணி அடித்ததுமே கடிகாரம் ஒகாடாவின் பக்கம் நின்றது. ஆனால் ஒகாடாவின் உடம்பு அவர் பக்கம் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் ஈவில் அவரைத் தோற்கடித்திருந்தார். அதன்பின் ஒகாடா மினோரு சுசுகியோடு 30 நிமிடமும் போராடிச் சமன் செய்திருந்தார். கழுத்தைச் சுற்றிப் பட்டை ஒட்டிக்கொண்டு வந்தார். ஒமேகா முதல் நிமிடத்திலிருந்தே அந்தக் கழுத்தைக் குறிவைத்தார்.

முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் இருந்த நிதானமான தொடக்கம் இதில் கிடையாது. 25 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒன் விங்டு ஏஞ்சல் ரிங்கின் நடுவில், கயிறு எட்டாத தூரத்தில் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒகாடா அசையவில்லை. ஜனவரியில் தப்பித்ததும் ஜூனில் கயிற்றைத் தொட்டதும் அந்த மூன்று எண்ணிக்கைக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. முந்தைய ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் இப்படி நினைவில் வைத்திருந்த வேறொரு ஆட்டத்தை இந்த ஆண்டு நான் பார்க்கவில்லை.

அடுத்த இடம் ஏப்ரல் 9, அதே அரங்கு, ஒகாடாவும் கட்சுயோரி ஷிபாடாவும். இதை எழுதும்போது கை தயங்குகிறது. 38 நிமிடம் ஒகாடாவை அடித்து நொறுக்கிய ஷிபாடா, பாதுகாப்புக்குக் கையைக்கூட நடுவில் வைக்காமல் தலையோடு தலை மோதினார். அந்தச் சத்தம் ஒளிபரப்பிலேயே தெளிவாகக் கேட்டது. மயிர்க்கோட்டிலிருந்து ஒரு கோடு இரத்தம் மெல்ல நெற்றியில் இறங்கியது. ஆட்டம் அதன் பிறகும் நடந்தது. முடிந்து உள்ளே போனதும் அவர் சரிந்து விழுந்தார், மூளை உறைக்கடியில் இரத்தக்கசிவு, அவசர அறுவைச் சிகிச்சை. அதனால்தான் இதை முதலிடத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. பட்டியலிலிருந்து எடுக்கவும் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே எனக்குப் பிடித்த முதல் விஷயம் ஓர் ஆட்டமே அல்ல. பிப்ரவரி 13, லாஸ் வேகாஸ், கெவின் ஓவன்ஸுக்காகக் கிறிஸ் ஜெரிக்கோ நடத்திய நட்புத் திருவிழா. ஓவியம், சிலை, மந்திரவாதி என்று ஒரே கூத்தாகப் போய்க்கொண்டிருந்தது. ஓவன்ஸ் ஒரு பரிசுப் பெட்டியை நீட்டினார். உள்ளே புதிய பட்டியல் அட்டை. ஜெரிக்கோ மாதக்கணக்கில் தனக்குப் பிடிக்காதவர்களின் பெயரை எழுதிவந்த அட்டையைப் போலவே ஒன்று. தன் பழைய அட்டைக்கு மாற்று என்று நினைத்து மகிழ்ந்தவர், அதில் தன் பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்டார். அட்டையைத் திருப்பினார், ஓவன்ஸின் பட்டியல் என்று மேலே எழுதியிருந்தது. கேமரா அந்தத் தலைப்பைக் காட்டிய நொடியில் அரங்கின் சிரிப்பு அப்படியே அறுந்தது. சிரிப்பையும் துரோகத்தையும் அரை நிமிட இடைவெளியில் வைத்து, இரண்டையும் நம்பும்படி செய்தார்கள். டபிள்யூ டபிள்யூ இ-யின் எழுத்து இந்த ஆண்டு இவ்வளவு உயரம் மறுபடி போகவில்லை.

ஆட்டம் என்று பார்த்தால் அக்டோபர் 8, டெட்ராய்ட், கூண்டுக்குள் ஆடும் ஹெல் இன் எ செல். உசோ சகோதரர்களும் நியூ டே அணியும். இதே அணிகளின் சம்மர்ஸ்லாம் ஆட்டத்தை முன்நிகழ்ச்சியில் ஒதுக்கி வைத்திருந்தார்கள், பாதி அரங்கு நிரம்பும் முன்பே முடிந்துவிட்டது. அந்த மனக்குறையைக் கூண்டுக்குள் தீர்த்தார்கள். கென்டோ கம்புகளைக் கூண்டின் கம்பி வலையில் குறுக்கும் நெடுக்கும் செருகி, மூலையில் ஓர் உசோவைச் சிறை வைத்ததை இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. நியூ டேயின் சேவியர் வுட்ஸின் கைகளில் விலங்கு மாட்டிக் கம்பால் அடித்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடம்தான் அந்த ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது.

மே 20 சிகாகோவில், டபிள்யூ டபிள்யூ இ-யின் டேக்ஓவர் நிகழ்ச்சியில் டைலர் பேட், பீட் டன் ஆடியது 15 நிமிடம்தான். பேட்டுக்கு வயது 20. குறையே சொல்ல முடியாத ஆட்டம்.

ஆண்டின் மல்யுத்த வீரர் ஒகாடா. ஒமேகா, சுசுகி, ஷிபாடா, பேட் லக் ஃபாலே, மறுபடி ஒமேகா, கோடி ரோட்ஸ், ஈவில் என்று இந்த ஓராண்டில் மட்டும் ஏழு முறை நியூ ஜப்பானின் உலகப் பட்டத்தைக் காத்திருக்கிறார். ஏழும் ஏழு விதமான ஆட்டங்கள். உங்கள் தேர்வுகளை எழுதுங்கள், ஆனால் காரணத்தோடு எழுதுங்கள்.

பழைய டென்
27 டிசம்பர் 2017, இரவு 10:41

தம்பி கயிற்றோரம், அருமையாக எழுதியிருக்கிறாய். ஆனால் முதலிடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகஸ்ட் ஆட்டம் நல்லது என்று புரியவைக்க நீயே இரண்டு பத்தி முன்கதை எழுத வேண்டியிருந்தது. ஜனவரி ஆட்டத்துக்கு அந்தத் தேவையே இல்லை. மல்யுத்தமே பார்க்காத என் தங்கை மகனை உட்கார வைத்துக் காட்டினேன். ஒகாடா யார், ஒமேகா யார் என்று அவனுக்குத் தெரியாது. ஒமேகாவை மேல்கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்து, அவர் கீழே இருந்த மேசையை உடைத்துக்கொண்டு விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டான். ஒமேகா ஒகாடாவை மேல்கயிற்றிலிருந்து டிராகன் சப்ளெக்ஸ் என்று பின்னோக்கித் தூக்கிப் போட்டபோது முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். 46 நிமிடமும் அவன் அலைபேசியைத் தொடவில்லை. தனியாக நிற்கும் வலிமை இருக்கும் ஆட்டத்தைத்தான் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று சொல்ல முடியும். மற்றவை தொடரின் ஒரு பகுதி.

இன்னொன்று. ஜனவரிக்கு முன் ஒமேகாவை அந்த உயரத்தில் வைத்து யாரும் பேசவில்லை. 2016-இல் ஜி1 வென்ற முதல் வெளிநாட்டவர் என்ற பெயர் இருந்தது, உண்மை. ஆனால் டோக்கியோ டோமின் கடைசி ஆட்டத்தைத் தாங்குவாரா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அந்த ஐயத்தை ஒரே இரவில் தீர்த்தார். ஓர் ஆட்டம் ஒருவரின் இடத்தையே மாற்றுவது பெரிய விஷயம். ஆகஸ்டில் அப்படி எதுவும் மாறவில்லை. மறுநாளே இறுதியில் நைட்டோவிடம் தோற்றார்.

கயிற்றோரம்
27 டிசம்பர் 2017, இரவு 11:05

அண்ணா, உங்கள் தங்கை மகன் எழுந்து நின்றது ஜனவரி ஆட்டத்துக்குப் பெரிய சான்றிதழ், மறுக்கவில்லை. ஆனால் புதியவரை எழுப்பி நிறுத்துவது ஒரு திறமை. எல்லாம் தெரிந்தவரை, 'இது இப்படித்தான் முடியும்' என்று நம்பி உட்கார்ந்திருப்பவரை உலுக்குவது இன்னும் கடினம். ஆகஸ்டில் அரங்கில் இருந்தவர்கள் ஒகாடாவும் ஒமேகாவும் ஆடிய மணிக்கணக்கான ஆட்டத்தைப் பார்த்தவர்கள். எந்த அடிக்கு எந்த மறு அடி என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்களை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது.

தொடரின் ஒரு பகுதி என்பதைக் குறையாகவும் நான் பார்க்கவில்லை. மல்யுத்தம் மற்ற விளையாட்டுகளிலிருந்து பிரிகிற இடமே அதுதான். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, ஏழு மாதம் முன்னால் நழுவிய ஒரு பிடி இன்று விழுமா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், அது பொறுமையாகக் கட்டியவர்களின் வேலை.

மூன்றாம் எண்ணிக்கை
28 டிசம்பர் 2017, காலை 7:12

நான் கேட்க வந்தது ஷிபாடா பற்றி. கயிற்றோரம் இரண்டாம் இடம் கொடுத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆட்டத்தை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது என்பது என் நிலை.

நாம் பணம் கொடுத்துப் பார்ப்பது அடிபடுவது போன்ற நடிப்பை. அடி வலிப்பது போலத் தெரிய வேண்டும், எதிராளி பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் இந்தக் கலையின் கடினமான பகுதி. தடுப்பு வைக்காமல் மண்டையோடு மண்டை மோதினால் அங்கே கலை எங்கே இருக்கிறது? உண்மையாகவே முட்டிக்கொண்டால் சத்தம் வரத்தான் செய்யும். அதைச் சிறந்த ஆட்டம் என்று நாம் எழுதினால், அடுத்த தலைமுறைப் பயிற்சிப் பள்ளிக்காரன் அதைப் படித்துவிட்டு என்ன கற்றுக்கொள்வான்?

மார்ச் மாதம் ஒகினாவாவில் டோமோவாகி ஹொன்மாவுக்குக் கழுத்தில் அடிபட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு சாதாரணச் சுற்றுப்பயண ஆட்டம், அவர் இன்னும் ரிங்குக்குத் திரும்பவில்லை. அடுத்த மாதமே ஷிபாடா. இருவரும் அந்த நிறுவனத்தின் மிகக் கடினமான ஆட்டக்காரர்கள், இருவரும் ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள். அவர்களைத் தலையால் முட்டச் சொன்னது யாரும் இல்லை என்றாலும், ஒவ்வொரு முட்டலுக்கும் கைதட்டியவர்கள் நாம். பட்டியல் போடும்போதாவது அந்தக் கைதட்டலை நிறுத்துவோம்.

டிரான்கிலோ
28 டிசம்பர் 2017, காலை 9:30

ஷிபாடா பற்றி மூன்றாம் எண்ணிக்கை சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

ஆனால் நைட்டோவின் பெயர் பட்டியலிலேயே இல்லாமல் ஓர் ஆண்டு இறுதி இழையா? டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை ஆண்டின் சிறந்த வீரராகத் தொடர்ந்து இரண்டாவது முறை டெட்சுயா நைட்டோவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, ஒகாடாவை அல்ல.

இதன் பின்னணி தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். 2013-இல் நைட்டோ ஜி1 வென்றார். வழக்கப்படி 2014 ஜனவரி 4 டோக்கியோ டோமில் ஒகாடாவோடு பட்டத்துக்கான கடைசி ஆட்டம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். நிறுவனம் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. ரசிகர்கள் தனஹாஷி, நகமுரா ஆட்டத்தைக் கடைசி ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தார்கள். உலகப் பட்டத்துக்கான ஆட்டம் அதற்கு முன் நடந்தது. 'நீ வேண்டாம்' என்று மக்களே ஒரு மனிதனிடம் வாக்குச்சீட்டில் சொன்ன நாள் அது. அப்புறம் மெக்சிகோ போனார். யாருடைய அன்பும் தேவையில்லை என்ற புதிய மனிதராகத் திரும்பினார். ரிங்குக்கு நடந்து வரவே நேரம் எடுப்பார், உடுப்பை மடித்துக் கழற்ற நேரம் எடுப்பார், பட்டத்தை மேலே தூக்கிப் போட்டுப் படிக்கட்டில் விழவிட்டு நசுக்குவார். மக்கள் திட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்காகவே டிக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஜி1 இறுதியில் ஒமேகாவை 34 நிமிடத்தில் வென்றார். அடுத்த வாரம் ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமின் கடைசி ஆட்டம் ஒகாடாவுக்கும் நைட்டோவுக்கும். நான்கு ஆண்டுக்கு முன் பறிக்கப்பட்ட அதே ஆட்டம், அதே எதிராளி, அதே அரங்கு. கயிற்றோரம், நினைவுதான் அளவுகோல் என்றால் ஆகஸ்ட் 12-ஐ விட 13 தானே பெரியது?

அலைமகள்
28 டிசம்பர் 2017, மதியம் 1:48

இவ்வளவு பேர் எழுதியும் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டம்கூட யார் பட்டியலிலும் வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஜூன் 21, டோக்கியோவின் கோராகுவென் ஹால், பெண்கள் மல்யுத்த நிறுவனமான ஸ்டார்டம். இயோ ஷிராயும் மாயு இவாடானியும். ஓர் இயந்திரத்தின் துல்லியத்தோடு ஆடும் ஷிராய், எவ்வளவு விழுந்தாலும் எழுந்து நிற்கும் மாயு. மாயு ஸ்டார்டம் தொடங்கிய காலத்திலிருந்தே இருப்பவர், தோற்றுத் தோற்று வளர்ந்தவர். அன்று ஷிராயிடமிருந்து உலகப் பட்டத்தை வென்றபோது ஸ்டார்டமின் இன்னொரு பட்டமான வொண்டர் பட்டம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் பெண். அந்த ஆட்டத்தில் மாயு விழுந்த விதங்களைப் பார்த்துவிட்டு டெட்ராய்ட் கூண்டைப் பற்றிப் பேசுங்கள். இந்தக் கதைக்கு ஒரு சோகமான தொடர்ச்சியும் உண்டு. செப்டம்பர் 24 அன்று டோனி ஸ்டார்மோடு ஆடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மாயுவின் முழங்கை நழுவியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், பட்டம் கைமாறியது. மூன்றாம் எண்ணிக்கை கேட்ட கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: நடுவர் நிறுத்தினார். ஏப்ரலில் யாரும் நிறுத்தவில்லை.

இரண்டாவது, டபிள்யூ டபிள்யூ இ நடத்திய பெண்கள் தொடரான மே யங் கிளாசிக். செப்டம்பர் 12 இறுதியில் கைரி சேன் ஷேனா பேஸ்லரை வென்றார். தரையில் பிடித்து நெரிப்பதில் கைதேர்ந்த பேஸ்லரிடம் சிக்கித் தப்பி, மேல்கயிற்றிலிருந்து முழங்கையை இறக்கி முடித்தார். மூலையில் ஏறி நின்று, உடம்பை வில்லாக வளைத்து, ஒரு கணம் காற்றில் நிற்பது போலத் தோன்றும்படி விழுவார். இன்று அந்த அடியை இவரை விட நன்றாக யாரும் போடுவதில்லை.

அதே தொடரில் முதல் சுற்றோடு வெளியேறிய ஒருவரையும் சொல்ல வேண்டும். ஹரியாணாவின் கவிதா தேவி. டபிள்யூ டபிள்யூ இ ரிங்கில் ஆடிய முதல் இந்தியப் பெண். பளுதூக்கும் வீராங்கனையாக 2016 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். சல்வார் கமீஸ் அணிந்து வந்து டகோட்டா காயோடு ஆடித் தோற்றார். ஆட்டம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், அனுபவக் குறைவு தெரிந்தது. ஆனால் அந்த உடையோடு அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தபோது என் வீட்டில் நான், அம்மா, சித்தி மூவரும் தொலைக்காட்சிக்கு அருகில் போய் நின்றோம். அக்டோபரில் ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது.

வடக்கு ரத வீதி
28 டிசம்பர் 2017, மாலை 6:15

அலைமகள் தோழி இந்தியாவைத் தொட்டதால் கேட்கிறேன். ஜிண்டர் மகால் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனை வென்று டபிள்யூ டபிள்யூ இ சாம்பியன் ஆனார். நவம்பர் 7 வரை ஏறத்தாழ ஆறு மாதம் பட்டம் அவரிடம் இருந்தது. நம் முகச்சாயல் உள்ள ஒருவர் அந்தப் பட்டத்தை வைத்திருந்தது இந்த ஆண்டின் பெரிய செய்தி இல்லையா? சிறு வயதில் சீட்டு விளையாட்டில் பெரிய பெரிய வெள்ளைக்கார உருவங்களையே அடுக்கி விளையாடிய தலைமுறை நாம்.

பழைய டென்
28 டிசம்பர் 2017, மாலை 7:02

செய்தி பெரியதுதான் தம்பி. ஆட்டங்கள் சிறியவை. ஜூலையில் பஞ்சாபி பிரிசன் என்று மூங்கில் கூண்டு ஒன்றை வைத்தார்கள். இரட்டைக் கூண்டு என்பதால் உள்ளே நடப்பது அரங்கில் இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. நகமுராவோடு இரண்டு ஆட்டம், இரண்டிலும் மகாலின் கையாட்களான சிங் சகோதரர்களின் தலையீடுதான் நினைவில் நிற்கிறது.

எனக்கு வருத்தம் மகால் மேல் இல்லை. உடம்பை வளர்த்து, வாய்ப்புக்காகக் காத்திருந்து, கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்த மனிதர். அவரைக் கனடாவில் பிறந்த ஒரு திறமையான வில்லனாக எழுதாமல், அமெரிக்கர்கள் வெறுக்க வேண்டிய வெளிநாட்டுக்காரன் என்று எழுதினார்களே, அதுதான் வருத்தம். இங்கே சந்தையைப் பிடிப்பதும் அங்கே கூச்சல் வாங்குவதும் ஒரே பாத்திரத்தால் ஆகிற காரியம் இல்லை. கடைசியில் இம்மாதம் 9-ஆம் தேதி டெல்லியில், சொந்த மக்கள் முன்னால், டிரிபிள் ஹெச்சிடம் தோற்கவைத்தார்கள். அப்புறம் இருவரும் பாங்ரா ஆடினார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. மகால் வென்றிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார்கள்.

முதல் மணி
28 டிசம்பர் 2017, இரவு 8:33

நான் டபிள்யூ டபிள்யூ இ மட்டும்தான் பார்ப்பேன், செவ்வாய்க்கிழமை காலையில் ரா பார்த்துவிட்டு வேலைக்குப் போகிற ஆள். ஜப்பான் ஆட்டங்களை எங்கிருந்து தொடங்குவது? மொழி தெரியாமல் ரசிக்க முடியுமா? கயிற்றோரம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

கயிற்றோரம்
28 டிசம்பர் 2017, இரவு 10:20

ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் மணி தம்பி, நியூ ஜப்பானுக்கு இணையச் சந்தா இருக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில வர்ணனை உண்டு. ஆனாலும் ஒருமுறை ஜப்பானிய வர்ணனையோடு பார். சொல் புரியாவிட்டாலும் குரல் எங்கே ஏறுகிறது என்பது புரியும். அங்கே கூட்டம் தொடக்கத்தில் அமைதியாகவே இருக்கும், ஆர்வம் இல்லை என்று நினைத்துவிடாதே. பிடிகளைக் கவனிக்கிறார்கள். ஒகாடா எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கும்போது அந்தக் கையை மட்டும் கவனி. பின்னாலிருந்து பிடித்து, வெளியே சுழற்றி, மறுபடி தன் பக்கம் இழுத்து, கழுத்துக்குக் குறுக்கே முன்கையால் அடிப்பதுதான் ரெயின்மேக்கர். ஆட்டத்தின் பாதிப் பதற்றம் அந்த மணிக்கட்டு விடுபடுமா, விடுபடாதா என்பதில்தான். ஜனவரி, ஜூன், ஆகஸ்ட் என்ற வரிசையில் பார், ஒரே நாளில் மூன்றையும் பார்க்காதே. ஜூன் ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் ஒமேகாவின் அணித்தோழர் கோடி ரோட்ஸ் துண்டை வீசி ஒமேகாவுக்காகத் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போவார், யங் பக்ஸ் சகோதரர்கள் தடுப்பார்கள். அந்த இடத்தைக் கடந்ததும் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்.

அலைமகள், ஷிராய் மாயு ஆட்டம் என் பட்டியலில் ஹெல் இன் எ செல்லுக்கு மேலே வர வேண்டிய ஆட்டம், வாதாட மாட்டேன். கைரி சேன் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அவர் ஸ்டார்டமில் கைரி ஹோஜோவாக ஆடிய காலத்து ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள், அந்த முழங்கை அடி அமெரிக்கா வருவதற்கு முன்பே முழுதாக விளைந்திருந்தது. நடுவர் நிறுத்தியதைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஏப்ரலில் அந்த மோதலுக்குப் பிறகு நடுவர் குறுக்கே வந்திருந்தால் நாம் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். பெரிய பட்டம், நிறைந்த அரங்கு, கதை உச்சத்தில் இருக்கிறது என்பதெல்லாம் நிறுத்தாமல் இருக்கக் காரணம் ஆகாது.

மூன்றாம் எண்ணிக்கை, உங்களோடு பாதி தூரம் வருகிறேன். அந்த முட்டலைக் கொண்டாடக் கூடாது, அதை நானும் கொண்டாடவில்லை. ஆனால் 38 நிமிட ஆட்டம் அந்த ஒரு நொடி மட்டும் அல்ல. 2005-இல் நிறுவனத்தை விட்டுப் போய், 2012-இல் திரும்பி, ஆண்டுக்கணக்கில் நடு வரிசையில் நின்று, மார்ச்சில் நியூ ஜப்பான் கோப்பையை வென்று ஒரு வழியாக உலகப் பட்டத்தின் வாசலுக்கு வந்த மனிதரின் ஆட்டம் அது. அலங்காரம் இல்லை, கறுப்பு உள்ளாடை, கறுப்புக் காலணி. ஒகாடா முதல் பத்து நிமிடத்தில் வழக்கமான அலட்சியத்தோடு நடந்துகொள்ளப் பார்த்து, ஒவ்வொரு பிடியிலும் தான் இளையவன் என்று உணர்த்தப்பட்டார். அந்தப் பகுதியில் யார் தலையும் உடையவில்லை, அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அதைப் பட்டியலிலிருந்து எடுத்தால் ஷிபாடாவின் பெயர் இந்த ஆண்டு காயத்தின் பெயராக மட்டும் மிஞ்சும். ஆகஸ்ட் 13 அன்று முன்னறிவிப்பின்றி அவர் ரிங்குக்கு வந்தபோது சொன்னதெல்லாம், 'உயிரோடு இருக்கிறேன். அவ்வளவுதான்.' அவர் மறுபடி ஆட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆடியதை நினைவில் வைத்திருக்கிறேன்.

வடக்கு ரத வீதி, மகால் விஷயத்தில் பழைய டென் அண்ணன் சொன்னதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

இனி டிரான்கிலோ. உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. நைட்டோவின் கதை பெரியது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கதை ஆகஸ்ட் 13 அன்று முடியவில்லை. முடிய வேண்டிய இடம் டோக்கியோ டோம். ஒமேகாவை வென்றது அவருக்குக் கடவுச்சீட்டு. பயணம் இனிமேல்தான். ஆகஸ்ட் 12-இல் ஒரு கேள்வி கேட்கப்பட்டு அன்றே பதிலும் கிடைத்தது, அதனால் அதற்கு முதலிடம். நைட்டோவின் கணக்கு அடுத்த ஆண்டின் பட்டியலில் தீர்க்கப்படட்டும்.

டிரான்கிலோ
28 டிசம்பர் 2017, இரவு 10:52

நியாயம். அப்படியானால் சொல்லுங்கள், ஜனவரி 4 அன்று யார் வெல்ல வேண்டும்?

பழைய டென்
28 டிசம்பர் 2017, இரவு 11:10

ஒகாடா வெல்வார். பட்டம் 2016 ஜூனிலிருந்து அவரிடம். இவ்வளவு நீண்ட ஆட்சியை முடிக்கும் ஆள் ஒமேகாதான் என்று எனக்குத் தோன்றுகிறது, நிறுவனமும் அப்படித்தான் நினைக்கும். ஜூனில் சமன், ஆகஸ்டில் ஒமேகா வெற்றி. இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கயிற்றோரம்
28 டிசம்பர் 2017, இரவு 11:31

அண்ணன் சொல்வது நடக்கக் கூடியது. ஆனால் வெல்ல வேண்டியவர் நைட்டோ. அந்த வாக்கெடுப்பில் அவரை ஒதுக்கிய அதே மக்கள் இன்று அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு டோமுக்கு வரப் போகிறார்கள். அவர்கள் முன்னால் அவர் தோற்றால் அடுத்த ஆண்டு முழுக்க அந்தச் சூட்டைத் தக்கவைப்பது மிகக் கடினம். ஒமேகாவுக்கு அவசரம் இல்லை. அன்றே கிறிஸ் ஜெரிக்கோவோடு அவருக்கு ஆட்டம் இருக்கிறது, வெளிநாட்டுப் பார்வையாளர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வரப் போகிறார்கள்.

ஜனவரி 4 வியாழக்கிழமை, நம் நேரப்படி நண்பகலைத் தாண்டித்தான் தொடங்கும். வேலை நாள் என்பதால் பலர் இரவில்தான் பார்க்க முடியும். அதனால் முடிவுகளை இந்த இழையில் எழுத வேண்டாம். அன்று மதியம் தனி இழை திறக்கிறேன், தலைப்பில் எச்சரிக்கையும் போட்டுவிடுகிறேன். 2017 தேர்வுகளை இங்கேயே தொடருங்கள். ஜப்பானின் கடின அடி பாணியான ஸ்ட்ராங் ஸ்டைல் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள் சிகாகோவில் பேட்டும் டன்னும் ஆடிய ஆட்டத்தை இந்த வாரம் பார்த்துவிட்டு வாருங்கள். விரல் ஒவ்வொன்றையும் பிரித்து வளைக்கும் டன்னின் பழக்கத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும், நான் மேலே ஒரே பத்தியில் கடந்துவிட்டேன்.